உதவிக்கு வரும் காருக்கு நம் சாலை தெரியுமா?

காரைப் பழுதுபார்க்க விட்டால், வேலை முடியும்வரை ஓட்டிக்கொள்ள வேறொரு காரைத் தருகிற வழக்கம் நம் ஊர் சர்வீஸ் சென்டர்களிலும் வந்துவிட்டது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி, உதிரிபாகம் வந்துசேரத் தாமதமாகும் வேலை என்று சில சந்தர்ப்பங்களில்தான் தருகிறார்கள். அப்படிக் கிடைத்த மாற்று காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய் வந்தேன். என் சொந்தக் காரில் இல்லாத ‘ஏ.டி.ஏ.எஸ்.’ அதில் இருந்தது. ஓட்டுநருக்குத் துணைசெய்யும் மின்னணு ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக் கார் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டைத் தாண்டி விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்பி உள்ளே இழுக்கும். மோதப்போகிறோம் என்று கணித்தால் பிரேக்கை அழுத்தும்.

சாவியைக் கொடுத்த இளைஞர் பொறுமையானவர். சன்ரூஃபைத் திறந்து காட்டினார். போனை இணைத்துக் கொடுத்தார். வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறல்களைப் படமெடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தக் கார் சில நேரம் தானே பிரேக் பிடிக்கும், ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும் என்று மட்டும் சொல்லவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் நிரப்பிய படிவத்தில் அதற்கென ஒரு வரியும் இல்லை. காரோட்டும் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லாமல் ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க அதைப் பற்றித்தான்.

ஏனென்றால், இது இனி பணக்காரர்களின் பொம்மை அல்ல. 2020இல் எம்.ஜி. குளோஸ்டரும் 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700உம் வந்தபோது, இந்தியாவில் தயாராகும் கார்களில் இது ஒரு புதுமை. 2022இல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் மாடலில் வந்தது. 2023இல் ஹூண்டாய் வென்யூ போன்ற சிறிய எஸ்யூவிக்கே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். அமெரிக்கா 2029 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்து அதே விதியை 2024இல் அறிவித்தது. இங்கே நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் மாடலுக்கு மாடல் பரவிவருகிறது. விளம்பரத்தில் ‘லெவல் 2’ என்று போடுகிறார்கள். வாகனப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான எஸ்.ஏ.இ. 2014இல் வகுத்த 0 முதல் 5 வரையிலான படிநிலைகளில் 2 என்ற எண் அது. வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் கார் கையாளலாம். ஆனால் சாலையைக் கண்காணிப்பதும் எந்தக் கணத்திலும் பொறுப்பேற்பதும் ஓட்டுநர்தான் என்பது அதன் பொருள். விளம்பரங்களில் முதல் பாதி பெரிதாக வருகிறது. இரண்டாம் பாதியை வாங்குபவர் தானே தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் விதம் அப்படியொன்றும் மர்மம் இல்லை. உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா. பம்பரின் கிரில் பகுதியில் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரேடார். தூரத்தையும், முன்னால் போகும் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதையும் ரேடார் துல்லியமாகச் சொல்லும். இருட்டும் மழையும் அதற்குப் பெரிய தடையல்ல. ஆனால், எதிரில் இருப்பது எருமையா, கவிழ்ந்த தள்ளுவண்டியா என்று அதற்குத் தெரியாது. அதைக் கேமராதான் சொல்ல வேண்டும். கேமராவோ வெளிச்சத்தை நம்பியிருக்கிறது; தான் பார்த்துப் பழகிய படங்களையும் நம்பியிருக்கிறது. செலவைக் குறைக்கச் சில நிறுவனங்கள் கேமராவை மட்டும் வைத்தே சமாளிக்கின்றன. உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து, மழையில் நீங்கள் எவ்வளவு நம்பலாம் என்பதும் மாறுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நல்லது நிறைய இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் காரோட்டியவர்களுக்குத் தெரியும், இருசக்கர வாகனம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. பக்கக் கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒரு ஸ்கூட்டர் இருந்தால், கண்ணாடியின் ஓரத்தில் சின்ன மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்த ஒரு விளக்கு மட்டும் எல்லாக் கார்களிலும் இருந்தால் எத்தனை பேருடைய கைகால்கள் முறியாமல் தப்பும் என்று வண்டலூர் தாண்டுவதற்குள் பலமுறை நினைத்தேன். நிறுத்திய காரின் கதவைத் திறக்கப்போகும்போது, பின்னால் வருகிற பைக்கைச் சொல்லி எச்சரிக்கிறது. வணிக வளாகத்தின் நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கி எடுக்கையில், குறுக்கே வரும் வண்டியை நாம் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. இவையெல்லாம் ஓட்டுநரின் கையிலிருந்து எதையும் பறிப்பதில்லை. கண்ணுக்கு எட்டாததைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

தானியங்கி அவசர பிரேக்கின் பயன் கணக்கிட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இந்த வசதியுள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் போய் இடிக்கும் விபத்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தது. இந்தியாவில் 2022இல் நடந்த சாலை விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்னாலிருந்து இடித்த வகை. அந்த ஆண்டு நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இப்படியொரு கணக்கை வைத்துக்கொண்டு, உயிரைக் காக்கக்கூடிய ஒரு கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேண்டும் என்பதால்தான், எப்படி வேண்டும் என்று கேட்கிறேன்.

பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வேகக் கட்டுப்பாட்டை இயக்கினேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறோம். இரண்டு வினாடி இடைவெளி என்றால் 50 மீட்டர். முன்னால் 50 மீட்டர் காலியாக இருப்பதை நம் சாலையில் யாரும் பாதுகாப்பு இடைவெளியாகப் பார்ப்பதில்லை. நுழைந்துகொள்ளக் கிடைத்த இடமாகவே பார்க்கிறார்கள். ஒரு ஆம்னி பஸ் நுழைந்தது. கார் பிரேக் பிடித்து மறுபடியும் 50 மீட்டரை உண்டாக்கியது. அதில் ஒரு மினி லாரி நுழைந்தது. மறுபடி பிரேக். ஓட்டுநராக நாமே இருந்தால் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து, மெதுவாக விலகிக்கொண்டிருப்போம். காருக்கு அந்த நிதானம் இல்லை. பின்னால் நெருக்கமாக வருபவர் திடீரென்று எரியும் பிரேக் விளக்கை எதிர்பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வந்த டேங்கர் லாரி அடித்த ஹாரனில் கோபம் மட்டும் இல்லை, பதற்றமும் இருந்தது. சாலை காலியாக இருந்த உளுந்தூர்பேட்டை – பெரம்பலூர் பகுதியில் இதே ஏற்பாடு அருமையாக வேலை செய்தது, கால் அலுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருவி ஒன்றுதான். சாலை காலியானதும் அது வேறொன்றாகிவிடுகிறது.

தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மதுராந்தகம் ஏரியை ஒட்டிப் போகிறோம். இடப்பக்க ஓரத்தில் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தழைக்கட்டு ஏற்றிப் போகிறார். கட்டு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. அவரைக் கடக்கும்போது எந்த நல்ல ஓட்டுநரும் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குவார். வெள்ளைக் கோட்டைப் பாதி மிதித்தபடிதான் அப்படி ஒதுங்க முடியும். இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால், தூக்கக் கலக்கத்தில் தடம் மாறுகிறோம் என்று கார் எடுத்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கத்தில் அந்தப் பெரியவர் இருக்கிறார்.

இழுப்பு பலமானதல்ல. இறுகப் பிடித்திருந்தால் மீறிவிடலாம். இண்டிகேட்டர் போட்டால் கார் இழுப்பதே இல்லை. அந்த வகையில் அது நமக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. அருகில் வண்டி இருப்பதைக் கண்டு தானே ஒதுங்கிக்கொடுக்கும் அமைப்புகளும் சில கார்களில் உண்டு. ஆனால், இப்படி ஒரு இழுப்பு வரும் என்று தெரியாத ஒருவருக்கு முதல் முறை அது நேரும்போது என்ன ஆகும்? ஸ்டீயரிங்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். பயந்து எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவார். சாவி கொடுக்கும்போது ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பயம் அது. இரவல் வாங்கியவருக்கும் வாடகைக்கு எடுத்தவருக்கும் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேம்பாலப் பணிக்காகச் சாலையைத் திருப்பிவிட்ட இடங்களில் பழைய கோடு ஒருபக்கம் போகிறது, சிமென்ட் தடுப்புகள் இன்னொரு பக்கம் போகின்றன. தார் ஒட்டுப்போட்ட இடத்தில் கோடு பாதியில் மறைகிறது. அந்த இடங்களில் சத்தமில்லாமல் உதவியை நிறுத்திக்கொள்கிறது கார். திரையில் பச்சையாக இருந்த சின்னம் சாம்பல் நிறமாகிறது. அதைக் கவனித்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் இப்போது ஓட்டுவது யார் என்று தெரியும்.

நம் நெடுஞ்சாலைகளில் உயிரைப் பறிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று, விளக்கும் முக்கோணப் பலகையும் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. விடியற்காலையில் வேன்களும் கார்களும் நின்ற லாரியில் மோதிய செய்தி இல்லாத வாரம் குறைவு. ஏ.டி.ஏ.எஸ். இருந்தால் இதைத் தடுத்துவிடும் என்றுதான் வாங்குபவர்கள் நம்புகிறார்கள். இங்கேதான் அதன் மிகப் பெரிய பலவீனமும் இருக்கிறது. சாலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, சென்டர் மீடியனின் இரும்புத் தடுப்பு எல்லாவற்றிலும் பட்டு ரேடார் அலை திரும்பிவருகிறது. நிற்கிற ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி ஓட்டவே முடியாது. அதனால், அசையும் பொருளுக்குத் தரும் மதிப்பை அசையாத பொருளுக்கு ரேடார் சார்ந்த அமைப்புகள் பெரும்பாலும் தருவதில்லை. கேமராவும் ஆமாம் என்று சொன்னால்தான் நம்புகின்றன. வேகம் அதிகமாக இருக்கும்போது, நிற்கும் வண்டியை இந்த ஏற்பாடு கண்டுகொள்ளாமல் போகலாம் என்று வழிகாட்டிப் புத்தகங்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சாலையைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்த லாரியின் பக்கவாட்டில் டெஸ்லா கார் ஒன்று மோதி அதன் ஓட்டுநர் இறந்தார். அப்போது காரின் தானியங்கி உதவி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் இருந்த வெள்ளை டிரெய்லரைக் காரும் காணவில்லை, காரை நம்பியிருந்தவரும் காணவில்லை.

மேல்மருவத்தூரைக் கடக்கும்போது இன்னொரு கவலை வந்தது. தை மாதத்தில் செவ்வாடை பக்தர்கள் இந்தச் சாலையின் ஓரமாகவே நடந்து வருவார்கள். திருச்சிப் பக்கம் சமயபுரத்துக்கு மஞ்சள் உடையில் வருவார்கள். பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடை. பைகளிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று காவல் துறையினர் சொல்கிறார்கள்; பல ஊர்களில் அவர்களே ஒட்டிவிடுகிறார்கள். மனிதக் கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வு நிறுவனம், பாதசாரிகளைக் கண்டு பிரேக் பிடிக்கும் அமைப்புகள் விளக்கில்லாத இருட்டுச் சாலையில் விபத்தைக் குறைக்கவே இல்லை என்று 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் அது வெளியிட்ட இன்னொரு சோதனை இன்னும் கலங்கவைக்கிறது. ஒளிரும் பட்டை அணிவித்த பொம்மையை வைத்து மூன்று கார்களைச் சோதித்தார்கள். இரண்டு கார்களின் அமைப்புகள் அந்தப் பட்டையைக் கண்டு குழம்பி, பெரும்பாலான ஓட்டங்களில் பொம்மையை இடித்தன. மனிதருக்குத் தெரிவதற்காக ஒட்டும் பட்டை, இயந்திரத்தின் கண்ணிலிருந்து மனிதரை மறைத்துவிடுகிறது. இதை நம் பாதயாத்திரைப் பாதைகளில், நம் கார்களை வைத்து யாராவது சோதித்துப் பார்க்க வேண்டாமா?

2022இல் இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள். இறந்த மூவரில் ஏறக்குறைய இருவர் இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவர்கள். எனவே இந்தக் கருவியின் தரத்தை, காருக்குள் இருப்பவருக்கு எவ்வளவு சொகுசு என்பதை வைத்து அளக்கக் கூடாது. தழைக்கட்டோடு போகும் பெரியவரையும், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்கையும், சென்டர் மீடியனில் ஏறிக் குதித்துக் கடக்கும் பெண்ணையும் அது அடையாளம் காண்கிறதா என்பதை வைத்து அளக்க வேண்டும்.

இயந்திரம் எதைப் பார்த்துக் கற்றதோ அதைத்தான் அடையாளம் காணும். இந்தத் துறையில் நீண்ட காலம் அளவுகோலாக இருந்த ‘சிட்டிஸ்கேப்ஸ்’ என்ற படத்தொகுப்பு 2016இல் வெளியானது. பெரும்பாலும் ஜெர்மனியின் நகரங்களில் எடுத்த படங்கள். கோடு போட்ட சாலை, நடைபாதையில் நடக்கும் மனிதர்கள். ஹைதராபாதின் ஐ.ஐ.ஐ.டி. 2018இல் இந்தியச் சாலைகளுக்கென்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள், 34 வகைப் பொருள்கள். ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தனி வகை. விலங்குக்குத் தனி வகை. சாலையின் ஓரத்தில் தார் போடாத, ஆனால் வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் பகுதிக்குக்கூடத் தனி வகை வைத்திருந்தார்கள். நம் சாலையை நேசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். அந்த மண் ஓரம் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தச் சாலையும் இல்லை.

கற்றுக்கொடுக்காத ஒன்று எதிரே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சான்று கிடைத்தது. ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் தெரியாத பொருள், வாகனம், சைக்கிள் என்று மென்பொருள் தன் முடிவை மாற்றிக்கொண்டே இருந்தது. கடக்கும் இடம் என்று குறிக்காத இடத்தில் ஒருவர் நடந்து கடப்பார் என்பதற்கே அந்த மென்பொருளில் இடமில்லை என்று அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் எழுதியது. அது சோதனை வண்டி, கடையில் விற்கும் கார் அல்ல. ஆனாலும் அந்த வரியை நம் நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. குறிக்கப்படாத இடத்தில்தான் இங்கே எல்லோரும் கடக்கிறோம். குறிக்கப்பட்ட இடங்கள் ஊருக்கு இரண்டுகூட இல்லாதபோது வேறென்ன செய்வது?

இயந்திரத்தின் குறையைப் பேசிவிட்டு மனிதரின் குறையைப் பேசாமல் இருக்க முடியாது. ‘உதவி இருக்கட்டும், நான் கவனித்துக்கொண்டே இருப்பேன்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவனித்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு மிகக் கடினமான வேலை. பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மெக்வொர்த், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையை வெறித்துப் பார்க்கும் வீரர்களுக்காக ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு முள் சீராகத் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கியதை 1948இல் அவர் பதிவுசெய்தார். இவர்கள் தேர்ந்தெடுத்த வீரர்கள். லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, தொழிற்சாலைத் தானியக்கத்தைப் பற்றியது. எளிதான வேலையையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு முடியாத நெருக்கடியை மட்டும், கைப்பழக்கம் மழுங்கிப்போன மனிதரிடம் திடீரென்று ஒப்படைக்கிறது என்று அவர் காட்டினார். ‘லெவல் 2’ கார் அச்சு அசலாக அந்த நிலையில்தான் ஓட்டுநரை உட்காரவைக்கிறது.

கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று கார் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பல கார்கள் கைகளின் லேசான அசைவை மட்டுமே உணர்கின்றன. அதை ஏமாற்றத் தண்ணீர் பாட்டிலை ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடும் காணொளிகளும், ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து ஆடும் ரீல்களும் இந்தியாவிலேயே வந்திருக்கின்றன. டெஸ்லா நிறுவனம் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்பதே காரணம். கண்களைப் பார்க்கும் கேமரா இருக்கும் கார்களில் இந்த ஏமாற்று வேலை எளிதில் நடக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் உதவி எந்தக் காரில் இருக்கிறதோ, அதில் கண்களைப் பார்க்கும் கேமராவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை விலை கூடிய மாடலுக்கு ஒதுக்கிவைப்பது நியாயமே அல்ல.

சொந்தக்காரர் மட்டுமா காரை ஓட்டுகிறார்? நம் ஊரில் ஆக்டிங் டிரைவர் இன்று ஒரு வண்டி, நாளை வேறொரு வண்டி என்று ஓட்டுகிறார். திருமணத்துக்கு மைத்துனரின் காரை வாங்கிப் போகிறோம். பழைய கார் சந்தையில் வாங்குபவருக்கு வழிகாட்டிப் புத்தகம் கிடைப்பதே அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அது நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே வேலையைச் செய்யும் ஏற்பாட்டுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு காரில் என்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினால் தட உதவி தானாக உயிர்பெறுகிறது. இன்னொன்றில் கடைசியாக வைத்த நிலையிலேயே இருக்கிறது. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் எந்தக் காரில் ஏறினாலும் அதே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுவதும் ஒருவர் காரை இன்னொருவர் ஓட்டுகிறார். இந்தப் புதிய ஏற்பாடுகளுக்கு அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை. சின்னங்களும் அணைக்கும் முறையும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

பராமரிப்புக்கு வருவோம். முன்பக்கக் கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டால், பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்வது நம் வழக்கம். ஏ.டி.ஏ.எஸ். கார்களில் கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்தாக வேண்டும். குறிப்பிட்ட தூரத்தில் அளவுப் பலகையை நிறுத்தியோ, குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டியோ அதைச் செய்கிறார்கள். ஓரிரு டிகிரி கோணம் மாறினாலும், நூறு மீட்டர் தள்ளி எந்தத் தடத்தில் யார் போகிறார்கள் என்ற கணக்கே தவறாகிவிடும். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவதை ஒன்றிய அரசு 2017இலேயே தடைசெய்தும் இன்னும் பொருத்துகிறார்கள். அது ரேடாரை மறைக்கும். ஆயுத பூஜை அன்று கிரில்லில் அப்பும் சந்தனமும் கட்டும் மாலையும் அகற்றும்வரை கண்ணை மூடியதுபோலத்தான். பூஜையை யாரும் விட வேண்டாம். முடிந்ததும் அந்த இடத்தைத் துடைத்துவிடச் சொன்னால் போதும். ரேடார் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே துடைப்பார்கள்?

சட்டத்தின் பார்வையில், இந்தக் கார்களில் என்ன நடந்தாலும் பொறுப்பு ஓட்டுநருடையது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் ‘லெவல் 3’ ஏற்பாட்டுக்கு 2021 டிசம்பரில் அனுமதி பெற்றது. குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், 60 கிலோமீட்டர் வேகம் வரை, அது இயங்கும்போது ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம். இவ்வளவு கறாரான எல்லைகளுக்குள்தான் அங்கேயே அதைத் தொடங்கினார்கள். இங்கே பொறுப்பு முழுவதும் ஓட்டுநர் தலையில் இருக்கும்போது, எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீடு, மோதினால் உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு பிழைப்பார்கள் என்பதற்கு நட்சத்திரம் தருவதாகத் தொடங்கியது. மோதாமல் தடுக்கும் ஏற்பாடுகளுக்கு அதில் மதிப்பெண் வைக்கவில்லை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2014 முதல் தானியங்கி பிரேக்குக்கு மதிப்பெண் தருகிறது. 2020இல் ஓட்டுநர் உதவிக்கென்று தனித் தரவரிசையே தொடங்கி, காரின் திறமையை மட்டுமல்லாமல், ஓட்டுநரை அது கவனத்தோடு வைத்திருக்கிறதா, விளம்பரம் மிகைப்படுத்துகிறதா என்பதையும் பார்க்கிறது. நம் மதிப்பீடும் அந்த இடத்துக்கு வர வேண்டும். ஐரோப்பியச் சோதனையை அப்படியே எடுத்துவந்தால் போதாது. சுமை ஏற்றிய மொபெட், எதிர்த்திசையில் வரும் பைக், இருட்டில் நிற்கும் டிராக்டர் டிரெய்லர், ஒளிரும் பட்டையோடு நடக்கும் கூட்டம் எல்லாம் நம் சோதனைத் தளத்தில் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் விபத்துத் தரவுத்தளத்தை வடிவமைத்துக் கொடுத்த சென்னை ஐ.ஐ.டி. நம் பக்கத்திலேயே இருக்கிறது. விபத்தில் சிக்கிய காரில் இந்த உதவி இருந்ததா, இயங்கியதா என்ற கேள்வியையும் அந்தத் தரவுத்தளத்தில் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கினால், ஐந்தாண்டுகளில் ஊகம் இல்லாமல் பேச முடியும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் இன்னமும் எட்டுப் போடுவதுதான் பாடம். எல்.எல்.ஆர். தேர்வில் இந்தச் சின்னங்களைப் பற்றி நான்கு கேள்விகள் சேர்க்கலாம். கார் கிளம்பும் முன் திரையில் தமிழில் மூன்று வரி வரலாம்: எந்த உதவிகள் இயங்குகின்றன, எவை இயங்கவில்லை, எந்தப் பொத்தானில் அணைப்பது. பாட்டைத் தமிழில் தேடச் சொன்னால் புரிந்துகொள்ளும் திரைக்கு இது பெரிய வேலை அல்ல.

கார்களைவிடத் தானியங்கி பிரேக் அவசரமாகத் தேவைப்படுவது லாரிக்கும் பேருந்துக்கும். 2025 மார்ச்சில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வரைவு, பேருந்துகளிலும் சரக்கு லாரிகளிலும் தானியங்கி அவசர பிரேக், தூக்கக் கலக்க எச்சரிக்கை, தட விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைப் புதிய மாடல்களுக்கு 2026 ஏப்ரல் முதல் கட்டாயமாக்க முன்மொழிந்தது. நாக்பூரில் 2021 முதலே மாநகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், அதில் ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாதும் பங்கெடுத்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. அடிபட்ட பிறகு காப்பாற்றுவதில் காட்டிய அதே அக்கறையோடு, அடிபடாமல் தடுப்பதிலும் முந்திக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இனி வாங்கும் புதிய பேருந்துகளில் இந்தப் பிரேக்கைக் கேட்டு வாங்கலாம். வாங்கும் ஒப்பந்தத்திலேயே, ஒவ்வொரு பணிமனையிலும் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தமிழில் பயிற்சி தரும் செலவைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்; கண்ணாடி மாற்றியபின் அளவுதிருத்தம் செய்யும் கருவியும் அந்தந்த மண்டலத்திலேயே இருக்க வேண்டும்.